இலவசமாகப் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்க ஒரு இணையக் குழு: எப்படித் தொடங்கலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்துகொண்டு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள். கூடப் படித்த இரண்டு பேரில் ஒருவர் கொழும்பில், மற்றவர் ரொறன்ரோவில். மூன்று பேருமாகச் சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு இணையம் வழியாக இலவசமாகப் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்க விரும்புகிறீர்கள். எந்த மொழி, எந்தச் செயலி, எத்தனை பேரைச் சேர்க்கலாம், எங்காவது பதிய வேண்டுமா, சான்றிதழ் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இவற்றுக்கெல்லாம் வருகிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லவேண்டும். வாரத்துக்கு ஒரு சூம் வகுப்பு, ஒருவர் திரையைப் பகிர்ந்து ஒன்றரை மணித்தியாலம் பேசுவார், மற்றவர்கள் மைக்கை மூடிவிட்டுக் கேட்பார்கள் என்பதுதான் இப்படியான குழு என்றதும் எல்லோருக்கும் வரும் எண்ணம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பாடம் நடத்துவதுதான் நோக்கம் என்றால் உங்கள் குழு தேவையே இல்லை. பைதன் என்ற புரோகிராமிங் மொழியைப் படிப்பிக்கும் காணொளிகள் தமிழிலேயே யூடியூப்பில் தாராளமாகக் கிடக்கின்றன. கணியம் என்ற இணைய இதழ் 2012 இல் இருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் வெளியிட்டு வருகிறது. ஆங்கிலம் ஓரளவு ஓடுகிற பிள்ளைக்கு ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் சி.எஸ். 50 பாடம் முழுவதும் காசில்லாமல் கிடைக்கிறது. நீங்கள் மூன்று பேரும் வேலை முடித்துக் களைத்துப்போய் வந்து தயாரிக்கும் பாடம் இவற்றைவிட நன்றாக இருக்கப்போவதில்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

பிள்ளைகள் விட்டுவிட்டுப் போவது பாடம் இல்லாமல் அல்ல. மூன்றாவதோ நாலாவதோ காணொளியில் ஒரு எரர், அதாவது பிழைச் செய்தி, வருகிறது. திரையில் சிவப்பாக நாலு வரி ஆங்கிலம். காணொளியில் இருப்பவருக்கு அது வரவில்லை, அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வீட்டில் கேட்க ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப) ஆசிரியர் ஒருவர் இருந்தாலும் அவர் தவணைப் பரீட்சைக்குப் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் இருப்பார். நகரத்துப் பிள்ளைக்காவது ஒரு தனியார் வகுப்பு இருக்கிறது. நெடுந்தீவில் இருக்கிற பிள்ளை அதற்கு வருவதென்றால் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடித்து வரவேண்டும். மருதங்கேணிப் பக்கத்துப் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். இந்தப் பிள்ளைக்கு இன்னொரு விரிவுரை எதற்கு? "இந்த வரியில் ஏன் எரர் வருது?" என்று கேட்டால் அன்றைக்கே பதில் சொல்ல ஒரு ஆள் போதும். உங்கள் குழு அந்த ஆளாக இருக்கட்டும்.

அதனால் குழுவின் நடுவில் வைக்கவேண்டியது கேள்வி நேரம்தான். பாடத்துக்கு வெளியில் இருக்கும் நல்ல தொடர் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். இந்த வாரம் இந்த இரண்டு காணொளி, இந்த மூன்று பயிற்சி என்று அறிவித்துவிடுங்கள். வார நாட்களில் இரண்டு மாலைகளை "எரர் நேரம்" என்று நிரந்தரமாக ஒதுக்குங்கள். அந்த ஒரு மணித்தியாலம் தொண்டர் ஒருவர் கட்டாயம் குழுவில் இருப்பார், பிள்ளைகள் சிக்கியதைக் கொண்டுவந்து போடுவார்கள். யாரும் வராவிட்டாலும் அவர் இருக்கவேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் அநேகமாக யாரும் வரமாட்டார்கள், எங்கள் பிள்ளைகள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள். ஆள் உண்மையாகவே இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் ஒன்றொன்றாகக் கேட்பார்கள்.

கேட்கும் முறையையும் பழக்குங்கள். மூன்று விடயம் இருக்கவேண்டும்: எழுதிய கோட் (நிரல்), வந்த எரர், என்ன வரும் என்று எதிர்பார்த்தாய். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், அதில்தான் பாதிப் பிழை ஒளிந்திருக்கும். நிரலை எழுத்தாகவே ஒட்டச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் மூன்று பின்சாய்வு மேற்கோள் குறிகளுக்கிடையில் (```) ஒட்டினால் எழுத்துகள் சம அகலத்தில் விழும், எந்த வரி எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்று பார்க்கலாம். பைதனில் அந்தத் தள்ளல்தான் முக்கியம். கணினித் திரையைக் கைபேசியில் சரிவாகப் படம் எடுத்து அனுப்பினால் அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. ஆனாலும் முதல் தடவை அப்படி அனுப்பும் பிள்ளையை ஏசவேண்டாம், ஒருமுறை காட்டிக்கொடுத்தால் பழகிவிடும்.

இனிப் பதில் சொல்லும் உங்களுக்கு ஒரு கட்டுப்பாடு. திருத்திய நிரலை அனுப்பக்கூடாது. மென்பொருள் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய சோதனை, பார்த்த உடனே கை துறுதுறுக்கும். திருத்தி அனுப்பினால் பிள்ளை "நன்றி சேர்" என்று போட்டுவிட்டுப் போய்விடும், அடுத்த நாள் அதே பிழையோடு வரும். பதிலுக்கு ஒரு கேள்வி கேளுங்கள். உதாரணத்துக்கு, பயனரிடம் வயதை வாங்கி ஒன்றைக் கூட்டும் நிரல். எல்லாப் பிள்ளைக்கும் அதில் டைப் எரர் வரும், ஏனென்றால் பைதனில் இன்புட் என்பது எதை அடித்தாலும் அதை எழுத்துச்சரமாகத்தான் திருப்பித் தரும். "இன்ட் போடு", அதாவது அதை எண்ணாக மாற்று, என்று சொன்னால் பத்து வினாடியில் முடியும். "வயது என்ற மாறியின் டைப் என்ன என்று பிரின்ட் செய்து பார், என்ன வருது?" என்று கேட்டால் பத்து நிமிடம் ஆகும், ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த முறை தானே பார்க்கும்.

எரரை வாசிக்கப் பழக்குவதை முதல் மாதத்தின் தனிப் பாடமாகவே வைக்கலாம் என்பது என் கருத்து. சிவப்பைக் கண்டதும் பிள்ளைகள் அதை வாசிப்பதே இல்லை, தண்டனை மாதிரி எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். கடைசி வரியில் இருந்து மேலே வாசிக்கச் சொல்லுங்கள். பைதனில் என்ன வகைப் பிழை என்பது கடைசி வரியில் இருக்கும், எந்த வரி எண் என்பது அதற்கு மேலே இருக்கும். நேம் எரர் என்றால் அந்தப் பெயரில் எதையும் நீ வைக்கவில்லை அல்லது எழுத்துக்கூட்டலில் பிழை. இன்டென்டேஷன் எரர் என்றால் வரித் தொடக்கத்து இடைவெளியைப் பார். இப்படி ஒரு ஆறேழு எரரைத் தமிழில் விளக்கி எழுதி, குழுவில் மேலே ஒட்டி வைத்துவிடுங்கள். முடிந்தவரை புதிய பதிப்பையே போட வையுங்கள். 2021 இல் வந்த 3.10 பதிப்பில் இருந்து எரர் செய்திகள் நிறையத் தெளிவாகிவிட்டன. முக்காற்புள்ளியை விட்டுவிட்டால் முன்னர் சும்மா வாக்கிய அமைப்புப் பிழை என்று மட்டும் சொல்லும், இப்போது இங்கே முக்காற்புள்ளி வரவேண்டும் என்றே சொல்கிறது.

இன்னொன்று, சின்னதாகத் தோன்றும். உங்களைச் சேர், மிஸ் என்று கூப்பிட விடாதீர்கள். சேரிடம் பிழையான கேள்வி கேட்கக்கூடாது என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே ஊறிப்போயிருக்கிறது. அண்ணா, அக்கா என்றால் வாய் திறக்கும். குழுவில் ஒரு அக்காவாவது இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மூன்று ஆண்கள் மட்டும் நடத்தும் குழுவில் பெண்பிள்ளைகள் பெயரைப் பதிவார்கள், கேள்வி கேட்கமாட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையிலோ கிளிநொச்சியில் இருக்கும் பொறியியல் பீடத்திலோ படிக்கும் மாணவிகள் யாரையாவது கேட்டுப்பாருங்கள். வாரத்தில் ஒரு மாலை என்றால் ஓம் சொல்வார்கள்.

நேரடி அமர்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் நாற்பது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். சூமின் இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் தானாகவே அறுத்துவிடும், நல்லதாகப் போய்விட்டது. கூகுள் மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவசமாக ஒரு மணித்தியாலம் தரும். அந்த நேரத்தில் பேசுவதைக் குறைத்து, சிறிய கோட் ஒன்றைக் காட்டி, ஓடவிடும் முன் "என்ன வரும்?" என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் விடையைச் சாட்டில் எழுதிய பிறகுதான் ஓடவிடவேண்டும். பிழையாகச் சொன்னவர்தான் அன்றைக்கு அதிகம் படிப்பார். வரிகளைக் குலைத்துப் போட்டுவிட்டு ஒழுங்குபடுத்தச் சொல்வது இன்னொரு நல்ல பயிற்சி. பார்சன்ஸ் புதிர் என்று இதற்குப் பெயர், 2006 இல் இருந்து கணினிக் கல்வி ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதி வருகிறார்கள். தட்டச்சே தேவையில்லை என்பதால் கைபேசி மட்டும் வைத்திருக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும். வரிகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்துக் குழுவில் போட்டால் விடையை ஒரு வரியில் எழுதிவிடலாம்.

ஞாயிறு காலையில் வைக்கவேண்டாம், அறநெறி வகுப்பும் தேவாலயமும் இருக்கும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் ஒருவரையும் எதிர்பார்க்காதீர்கள். நீங்களும்தான் போவீர்கள்.

மொழி: பைதன். இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. உயர்தர (ஏ.எல்.) ஐ.சி.ரி. பாடத்திட்டத்திலேயே பைதன் இருப்பதால் பிள்ளை படிப்பது பரீட்சைக்கும் உதவும், பெற்றோருக்கும் சமாதானம். சாதாரண தரத்தில் (ஓ.எல்.) பாஸ்கல் மொழி படித்துவிட்டு வருபவர்களுக்கு மாறியும் லூப்பும் ஏற்கனவே பழக்கமாக இருக்கும், எழுதும் முறைதான் மாறும். மடிக்கணினி இருந்தால் தொனி என்ற எடிட்டரைப் போடுங்கள். எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் ஆரம்ப மாணவர்களுக்கென்றே செய்தது, பைதனும் அதற்குள்ளேயே வரும், பழைய கணினியிலும் ஓடும். ஒவ்வொரு வரியாக நிறுத்தி மாறிகளின் மதிப்பு மாறுவதைக் காட்டும் வசதி அதில் இருக்கிறது, அதற்காகவே நான் அதைச் சொல்கிறேன். அன்ட்ரொயிட் கைபேசி மட்டும் இருந்தால் பைட்ரொயிட் என்ற செயலி. ஒருமுறை தரவிறக்கினால் இணையம் இல்லாமலே ஓடும். சின்னத் திரையில் தட்டச்சு செய்வது கஷ்டம்தான், ஆனால் முதல் இரண்டு மாதப் பயிற்சிகள் எல்லாம் பதினைந்து வரிக்குள் அடங்கும். பத்து வயதுப் பிள்ளைகளை இதோடு கலக்காதீர்கள். அவர்களுக்குக் கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் செய்யும் ஸ்கிரட்ச் இருக்கிறது, அது வேறு குழு, வேறு பொறுமை.

பயிற்சிகளை நீங்களே எழுதுங்கள். உங்கள் உழைப்பு உண்மையில் பயன்படும் இடம் இதுதான். வெளிப் பாடங்களில் வரும் உதாரணங்கள் பீட்சா விலையும் டொலரும் பரனைட் வெப்பநிலையுமாக இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு மீதி காணும் குறி (%) எதற்கென்று விளங்கவேண்டுமா? கிரிக்கெட் பந்துகளை ஓவராக மாற்றச் சொல்லுங்கள். 100 பந்து என்றால் 16.4 ஓவர். ஆறால் வகுத்தால் ஈவு 16, மீதி 4. வடக்கின் பெருஞ்சமர் கிரிக்கெட் போட்டி பார்க்கப் போகிற பெடியனுக்கு இதை விளக்கவேண்டிய தேவையே இல்லை. நிபந்தனைக் கூற்றுக்கு மின்சாரப் பட்டியலைப் போன்ற நல்ல பயிற்சி கிடையாது. அலகு கூடக்கூட வேறு வேறு விலை, நிலையான கட்டணமும் வேறு. வீட்டில் வந்த பட்டியலையே எடுத்து, நிரல் சொல்லும் தொகையும் பட்டியலில் இருக்கும் தொகையும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வராது. ஏன் வரவில்லை என்று தேடுவதுதான் அந்த வாரப் பாடம். நகை அடகு வட்டி, சீட்டுக் கழிவு, தவணைப் புள்ளிச் சராசரி என்று இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

கொஞ்சம் முன்னேறியவர்களுக்குத் தமிழ் எழுத்தையே பயிற்சியாகக் கொடுங்கள். யாழ்ப்பாணம் என்பதில் எங்கள் கணக்குக்கு 6 எழுத்து. பைதனிடம் நீளத்தைக் கேட்டால் 11 என்று சொல்லும். கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் குறில் நெடில் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், பைதன் அவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. அப்படியென்றால் 6 என்று சரியாகச் சொல்லும் பங்ஷன் ஒன்றை எழுது என்று விட்டால் நல்ல பிள்ளைகள் இரண்டு வாரம் அதிலேயே கிடப்பார்கள். மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கவும் பைதன் 3 விடும். தொடக்கத்தில் மொத்தம், வயது, விலை என்று தமிழில் எழுதவிட்டால், எது மொழியின் சொல், எது நாங்கள் வைத்த பெயர் என்ற குழப்பம் வராது. ஆனால் விசைப்பலகையை அடிக்கொருதரம் மாற்றவேண்டும். அது பிள்ளைக்கு எரிச்சலாக இருந்தால் விட்டுவிடுங்கள், கொள்கையாக எடுக்கவேண்டாம். விளக்கம் தமிழில், லூப், பங்ஷன், லிஸ்ட் போன்ற சொற்கள் அப்படியே. பாடநூலில் இருக்கும் தமிழ்ச் சொல்லையும் பக்கத்தில் ஒருமுறை எழுதிவிடுங்கள், ஏ.எல். வினாத்தாளில் அதுதான் வரும்.

செயலிக்கு வருவோம். பெற்றோருக்கு அறிவிக்க வட்ஸ்அப், கேள்வி பதிலுக்கு டெலிகிராம் என்பது என் தெரிவு. வட்ஸ்அப் குறூப்பில் சேர்ந்தால் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளையின் இலக்கம் முன்பின் தெரியாத இருபது பேரிடம் போவதை எந்தத் தாயும் விரும்பமாட்டார், அவர் விரும்பாதது சரிதான். டெலிகிராமில் இலக்கத்தை மறைக்கலாம். முதல் நாளே அந்த அமைப்பைப் போட வைத்துவிட்டுத்தான் பாடம் தொடங்கவேண்டும். அறிவித்தலுக்கும் குறூப் வேண்டாம், வட்ஸ்அப் சனல் ஒன்று திறந்தால் பின்தொடர்பவர்களின் இலக்கம் மற்றவர்களுக்குத் தெரியாது. டிஸ்கோர்ட் வசதியானதுதான், எங்களுக்குப் பிடிக்கும். ஆனால் புதிதாக ஒரு செயலியைப் பழக்குவதில் ஒரு மாதம் போய்விடும்.

டேட்டா பற்றி யோசியுங்கள். எல்லோரும் கமராவைத் திறந்து வைத்திருந்தால் ஒரு மணித்தியாலத்தில் பல நூறு மெகாபைட் போய்விடும். குரலும் பகிர்ந்த திரையும் மட்டும் என்றால் அதில் ஒரு சின்னப் பங்குதான். எனவே கமரா வேண்டாம், உங்களுடையதும் வேண்டாம். 2022 மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்தோம், அப்போது நேரடி வகுப்புகள் எல்லாம் குழம்பிப்போயின. எழுத்தில் நடக்கும் குழுவுக்கு அந்தப் பயம் குறைவு. கரண்ட் வந்த பிறகு வாசிக்கலாம், பதில் எழுதலாம்.

ரொறன்ரோ நண்பரை வீணாக்காதீர்கள். இங்கே இரவு ஏழரை மணிக்கு அங்கே கோடையில் காலை பத்து, குளிர்காலத்தில் ஒன்பது. வார நாளில் அவர் வேலையில் இருப்பார், நேரடி அமர்வுக்குச் சரிவராது. ஆனால் அவர் வேலை முடிந்து சாப்பிட்டு இருக்கும் நேரம் எங்களுக்கு விடியப்புறம். பிள்ளை இரவு பத்து மணிக்கு எரரைப் போட்டுவிட்டுப் படுக்கும், காலையில் எழும்பும்போது அவருடைய பதில் இருக்கும். மூன்று பேரில் அவர்தான் அதிகம் பயன்படப்போகிறவர். வெளிநாட்டில் இருப்பவர்கள் காசு மட்டும்தான் தரமுடியும் என்ற எண்ணத்தை இப்படியான வேலைகளில் மாற்றலாம்.

எத்தனை பேர்? நீங்கள் மூன்று பேர், எனவே பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து பிள்ளைகள். தொண்டர் ஒருவருக்கு ஐந்து பிள்ளைக்கு மேல் போனால் பதில் பிந்தும், பதில் பிந்தினால் கேள்வி நின்றுவிடும். முகநூலில் ஒரு படம் போட்டு "இலவச பைதன் வகுப்பு" என்றால் முந்நூறு பேர் இணைவார்கள். அந்த எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம். ஆறாம் வாரம் அதில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். தெரிந்த ஆசிரியர்கள், சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம் வழியாக ஆள் பிடியுங்கள். நான் என்றால் ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் காத்திருப்பவர்களைத்தான் முதலில் எடுப்பேன். எங்கள் நாட்டில் அந்தக் காத்திருப்பு நீளம், ரியூசனும் இல்லை, பொழுதும் இருக்கிறது. பதினெட்டு வயதும் அநேகமாக ஆகியிருக்கும், அது கீழே சொல்லப்போகும் தலையிடி சிலவற்றைக் குறைக்கும். அதைவிட முக்கியம், ஆறு மாதம் கழித்து அவர்களில் இரண்டு பேர் அடுத்த தொகுதிக்கு எரர் பார்க்கக்கூடியவர்களாக இருப்பார்கள்.

ஏனென்றால் உங்களில் ஒருவர் கட்டாயம் விலகுவார். திருமணம், புது வேலை, குழந்தை, வெளிநாடு. அதில் கோபப்பட ஒன்றுமில்லை, தொண்டு அப்படித்தான். அவர் போனால் குழு நிற்காதபடி ஆரம்பத்திலேயே செய்துவையுங்கள். பயிற்சிகள், விடைகள், அடிக்கடி வரும் எரர்களுக்கான விளக்கங்கள் எல்லாம் ஒருவரின் மடிக்கணினியில் இருக்கக்கூடாது. எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு பொது இடத்தில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்திலோ கூகுள் டொக்சிலோ, இருக்கவேண்டும். செயலிகளின் நிர்வாக உரிமை குறைந்தது இரண்டு பேரிடம். தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியபோது அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தவர், வளைகுடா நாட்டில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்தவர். தொடக்கத்தில் பெரும்பாலும் தனி ஆளாக எழுதினார். பிறகு வந்தவர்களால் அதைத் தொடரமுடிந்ததற்கு ஒரு காரணம், அவர் செய்தது எல்லாம் திறந்த இடத்தில், யாரும் எடுத்துத் தொடரக்கூடிய சிறு துண்டுகளாக இருந்ததுதான். 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்துக்கும் அது பொருந்தும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே ஒருவர் இருந்தாலும் சில விதிகளில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் சேர்க்கக்கூடாது. வளர்ந்தவரும் பிள்ளையும் தனிச் செய்தியில் பேசக்கூடாது, எல்லாக் கேள்வியும் குழுவில்தான். பிள்ளை தனியாக எழுதினால் "இதைக் குழுவில் கேளம்மா" என்று மட்டும் பதில். நேரடி அமர்வில் எப்போதும் இரண்டு வளர்ந்தவர்கள். பிள்ளைகளின் முகத்தையோ குரலையோ பதிவுசெய்து வெளியில் போடுவது கூடாது. புதிதாக வரும் தொண்டரை நீங்கள் யாராவது நேரில் அறிந்திருக்கவேண்டும். "எங்கட பெடியன்தானே" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. அயர்லாந்தின் கோர்க் நகரத்தில் 2011 இல் ஒரு பாடசாலைக் கணினிக் கழகத்தில் இருந்து பிறந்த, பிள்ளைகளுக்கு இலவசமாகப் புரோகிராமிங் பழக்கும் கோடர் டோஜோவும் உங்களைப்போலத் தொண்டர்களால் நடப்பதுதான், அங்கே சின்னப் பிள்ளைகளோடு பெற்றோரும் கூட இருப்பது வழக்கம். தவறான ஏதும் கண்ணில் பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். பெயர், பாடசாலை, பெற்றோரின் இலக்கம் தவிர வேறெந்த விபரமும் வாங்கவேண்டாம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கையில் இல்லாத தரவு கசியாது.

பதிவு, பணம்: காசு வாங்காத, கொடுக்காத மூன்று நண்பர்களின் படிப்புக் குழுவாக இருக்கும்வரை அலுவலகம் அலுவலகமாக ஏறவேண்டாம். நன்கொடை, வங்கிக் கணக்கு என்று வரும் கட்டத்தில் பேச்சு மாறும். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளின் பதிவுக்கென்று 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். ஏற்கனவே பதிவில் இருக்கும் சனசமூக நிலையம் ஒன்றின் கீழ் இயங்குவது இன்னும் இலகு. என்னைக் கேட்டால் முதல் ஆறு மாதம் யாரிடமும் ஒரு ரூபாவும் வாங்காதீர்கள். நல்ல குழுக்கள் பல உடைவது பாடத்தால் அல்ல, பழைய மடிக்கணினி யாருக்குப் போனது என்ற கதையால்.

சாட்ஜிபிடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டாம் வாரமே வரும். பிள்ளை பயிற்சியை அங்கே ஒட்டி, வந்ததைக் கொண்டுவந்து போடும். தடை போட்டுப் பயனில்லை, நீங்களே வேலையில் அதைத்தான் பாவிக்கிறீர்கள். கொண்டுவந்த கோடில் ஒரு வரியைத் தொட்டு "இதை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்?" என்று குழுவில் கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் சரி, எங்கிருந்து வந்தால் என்ன. தெரியாவிட்டால் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எரரைத் தமிழில் விளக்கச் சொல்லி அதைக் கேட்கப் பழக்கினால் ஆள் இல்லாத நேரத்துக்கு உதவும்.

கடைசியாகச் சான்றிதழ். பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் தாளுக்கு வேலைக்கு எடுப்பவரிடம் ஒரு மதிப்பும் இல்லை. கொடுத்தால், அதற்காக மட்டும் வருபவர்களும் சேர்ந்துவிடுவார்கள். வேண்டியவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பைதன் ஆரம்பப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது, முடித்தால் சான்றிதழும் உண்டு. அதையே உங்கள் குழுவின் பாடத் தொடராக எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இருக்கும் விளக்கத்தில் பிள்ளை சிக்கும் இடத்தை நீங்கள் தமிழில் அவிழ்த்துவிட்டால் சரி. கூடவே ஒவ்வொருவரையும் கிட்ஹப் கணக்கு ஒன்று திறந்து, செய்த பயிற்சிகளை அதில் போட்டுவர வையுங்கள். பிள்ளை என்ன படித்தது என்று கேட்கும் தகப்பனுக்கு, வீட்டு மின்சாரப் பட்டியலைக் கணக்குப் பார்க்கும் அந்த நிரலைத் திறந்து ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.